மாதிரி எடுத்தல், மணற்காடு

ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை
துளைகருவியைத் திருகித் திருகி
பென்சில் மொத்தத்தில் ஒரு துண்டு மரத்தை
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"வளையத்தை எண்ணினா வயசு வரும் அண்ணை."
எண்ணினோம். வரவில்லை.
சவுக்கு ஆண்டுகளை
ஒழுங்காய் எழுதி வைக்கிற மரமில்லை.

படிவத்தில் 'பைன்' என்றிருந்தது.
வெட்டச் சொன்னேன்.
ஊசி மாதிரி இருப்பது இலையே இல்லை, கிளை.
இலை அந்தக் கணுவில், பல் மாதிரி,
கண்ணுக்குப் பிடிபடாது.

நட்ட கணக்குக் கோப்பு
எந்த இடம்பெயர்வில் எரிந்தது என்பதில்
ஊரில் இரண்டு கட்சி.
மணல் வந்தது மட்டும் நிச்சயம்.
முதலில் கோயிற்படி,
பிறகு கதவு,
பிறகு நாங்கள் ஓட்டுக்கு மேலாக நடந்தோம்.
அதற்குப் பிறகுதான் கன்றுகள் வந்தன,
தகரப் பேணிகளில், லொறியில்.

"ஆரைக் கேட்டு நட்டவங்கள்?"
இரவோடிரவாக நாற்பது கன்று பிடுங்கினார்
சவிரிமுத்துச் சம்மாட்டி.
மிஞ்சியவை வளர்ந்த மூன்றாம் வருசம்
அவர் கிணற்றில் மணல் விழுவது நின்றது.
அதைப்பற்றி அவர் பேசுவதில்லை.

கீழே புல் முளைக்காது, ஆடு மேயாது.
சருகு மட்டும் கணுக்கால் ஆழம்.
பெண்கள் அதைச் சாக்கில் அடைத்து
பருத்தித்துறைப் பேக்கரிக்குக் கொண்டு போனார்கள்.
பாணுக்கு மெல்லிய கசப்பு இருந்ததென்று
திரேசம்மா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள்.
காவலாளிக்குச் சாக்குக்கு இரண்டு ரூபா.
அந்தக் காவலாளி நான்தான்.

கடல் வந்த காலை
காடு எங்களைக் காப்பாற்றியது என்கிறார்கள்.
இருக்கலாம்.
கொப்புகளில் சிக்கியதை
ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தவர்கள்
அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போவார்கள்.

நாலாவது மரத்தில்
கருவி கிறீச்சிட்டு நின்றது.
பின்னுக்கு எடுத்தாள்.
நுனி உடைந்திருந்தது.
உள்ளே இரும்பு.

"இந்த ஒண்டுக்குத்தான் பிள்ளை வருசம் தெரியும்" என்றேன்.
"மாசமும் தெரியும்.
பின்னேரம் நாலு மணி இருக்கும்."

அவள் கொஞ்சநேரம் பேனையைப் பிடித்தபடி நின்றாள்.
பிறகு கட்டத்துக்குள் எழுதினாள்:
மாதிரி எடுக்க முடியவில்லை.

துளைக்குள் பூச்சி போய்விடுமே என்று
ஈரமணலை உருட்டி
பெருவிரலால் அடைத்தேன்.
காற்று கிழக்கால்.
காய்ந்ததும் கொட்டிவிடும், தெரியும்.