இருநூறு கேபிக்குள்

கச்சான் தூக்கிவரும் மணலை
ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து துடைத்துவிட்டுத்தான்
எந்தத் தாளையும் வைப்பேன்.
உப்புப் படலம் அப்படியும் இருக்கும்.

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
நம்புத்தாய் நீட்டிய பாலித்தீன் பைக்குள்
ஐந்து தாள்கள்.
பாசி எடுக்க முங்கிய இடத்தில்
திருக்கை முள் ஏறிய கால்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
பதினேழு நாள்.
உதவித்தொகைக்கு இன்றே கடைசி.

வண்ணத்தில் எடுத்தேன். பதினொன்றரை எம்பி.
தளம் கேட்பது இருநூறு கேபிக்குள்.
"எம்புட்டுக் கூட?" என்றாள்.
வல்லம் நிறைய ஏற்றியதை
ஒரே பறியில் திணிக்கச் சொல்கிறார்கள் என்றேன்.
"அவுகளுக்கு என்ன, சொல்லுவாக."

சாம்பல் நிறத்துக்கு மாற்றினேன். மூன்றரை.
ஓரங்களை வெட்டினேன்:
நூல் கோத்த துளை, கோணல் நிழல்,
தாளைப் பிடித்திருந்த என் கட்டைவிரல்.
மூன்று.
அடர்த்தியைப் பாதியாக்கினேன். எண்ணூறு கேபி.
இன்னும் இறக்கினேன், இன்னும்.
நூற்றுத் தொண்ணூறு!

பெரிதாக்கிப் பார்த்தால்
டாக்டர் கையெழுத்து
கரை ஒதுங்கிய பாசிக்கொத்து.
வார்டு எண் எட்டா மூன்றா,
ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மனுத்தாள் வந்ததும் நம்புத்தாய்
திரையருகே குனிந்தாள்.
படிப்பு கிடையாது; பேர் மட்டும் போடுவாள்.
"எம்பேருல மூணு புள்ளி வரணுமே, ரிஜ்வானா.
ஒண்ணுதான கெடக்கு."
மகரத்தின் தலையில் ஒன்று.
தகரமும் யகரமும் மொட்டை.
நம்புததாய என்று ஒருத்தி
ஊரில் எங்கும் இல்லை.
நமக்கு அது புள்ளி,
எந்திரத்துக்குத் தூசி.
தூசி என்றால் துடைத்துவிடும், என்னைப் போலவே.

மறுபடி முதலிலிருந்து.
கரண்ட் போய் வந்தது. யுபிஎஸ் கீச்சிட்டது.
வெளியே ஐஸ் வண்டிக்காரன் யாரிடமோ
பழைய பாக்கிக்குக் கத்திக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது,
எடை எழுத்தில் இல்லை.
பழுத்த தாளின் மஞ்சளில் இருக்கிறது,
மடிப்பில், மறுபக்கத்திலிருந்து கசியும் மையில்,
இரண்டாம் தாளில் துருவாகிப்போன ரத்தத்தில்.
வெள்ளை என்று நம் கண் தாண்டிப்போகும் இடத்தில்
ஆயிரம் வெள்ளை. அத்தனையையும் எண்ணி
மூட்டை கட்டிவைத்திருக்கிறது எந்திரம்.

தாளை வெளுத்தேன். கறுப்பு, வெள்ளை, இரண்டே.
அடர்த்தியைத் திரும்ப ஏற்றினேன்.
எழுத்து கூரானது, கோப்பு மெலிந்தது,
ஆஸ்பத்திரியின் ஊதா முத்திரை
இருந்த சுவடே இல்லை.
முத்திரை இல்லாத தாளை எவன் மதிப்பான்?
அந்த ஒரு பக்கத்தைச் சாம்பலிலேயே விட்டு
மற்ற நான்கை மட்டும் வெளுத்துச் சேர்த்தேன்.

நூற்றுத் தொண்ணூற்றாறு.

விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள்.
ஒண்ணு. ரெண்டு. மூணு.
பிறகு இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி,
"இங்கன ரத்தம் இருந்துச்சே."
அழிச்சிட்டேன் என்றேன்.
"அதத்தானே அவுக பாக்கணும்."

நான் பதிவேற்றும் பொத்தானை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
ஒப்புகைச் சீட்டு வந்தது.

நாற்பது ரூபாய் என்றேன்.
"இம்புட்டையும் கொறச்சியே,
காசுல ஒரு பத்தக் கொறைக்க மாட்டியா?"

ஈரமாக இருந்தன
மூன்று பத்து ரூபாய் நோட்டுகள்.