நாற்பத்தாறு

கொரம்பராவில் ஜூன் என்றால் சேறு.
கேட்டருகே பூட்ஸை விடாமல் இழுக்கும் சேறு,
எண்பது கிடேரிகள் மிதித்துக் குழைத்தது.
எல்லாம் தலைச்சன் சினை.
இன்னும் நான்கு வாரம்.

பால் இறங்காத மடிக்குள்
நோய் முன்னதாகவே குடிபுகுந்துவிடும்.
ஈன்ற மறுநாள் இயந்திரம் மாட்டும்போது
திரிதிரியாய் வரும்,
ஒரு பக்கம் கல்லாய் இருக்கும்.
அதனால்தான் இந்தப் பசை:
வெள்ளையாய், பிஸ்மத் கலந்து, காம்புக்கு ஒரு குழாய்.
மருந்தில்லை. வெறும் அடைப்பு.
உள்ளே இருப்பதைக் கொல்லாது,
வெளியே இருப்பதை வரவிடாது.

கிளெனிஸ் ராத்ஜென் கணக்குக்காரி.
"ஒற்றைப்படைக் காதுவில்லைக்குப் போடு.
இரட்டைப்படையை விடு.
ஆகஸ்டில் எண்ணிப் பார்த்துவிட்டு
நம்புகிறேன்."

நம்பட்டும். எனக்குக் கூலி உருப்படிக்கு இவ்வளவு.

துடைக்கும்போது எட்டத்துக் காம்பு முதலில்,
ஏற்றும்போது கிட்டத்துக் காம்பு முதலில்;
துடைத்ததன்மேல் முழங்கை உரசக்கூடாது.
பஞ்சு வெளுப்பாகவே திரும்பும்வரை துடை.
குழாய் மூக்கை நுனியளவே நுழை.
காம்பு மடியோடு சேரும் இடத்தைக் கிள்ளிப் பிடி.
மேல்நோக்கி நீவிவிடாதே.
இதைத் தூக்கத்திலும் சொல்வேன்.
உதைபட்ட மணிக்கட்டும் சொல்லும்.

நாற்பத்தாறு இரட்டைப்படை.
வரிசையில் நிற்கையில் கம்பிமேல் தாடையை வைத்து
என் தொப்பியை நக்கியது.
நெற்றியில் வெள்ளை,
டாஸ்மேனியாவை மறந்துபோய் வரைந்த
பள்ளிக்கூட வரைபடம் மாதிரி.
கிளெனிஸ் பிளாஸ்க் எடுக்கப் போயிருந்தாள்.
பெட்டியில் மிச்சம் நான்கு குழாய்.
சரியாக நான்கு.

போட்டேன்.
அவசரத்தில் முறை தப்பி,
ஒன்றைத் துடைத்து ஒன்றில் ஏற்றி,
மறுபடி ஒன்றைத் துடைத்து.
சரளையில் அவள் பூட்ஸ் கேட்டபோது
மூன்று முடிந்திருந்தது.
நாலாவதைத் துடைத்தேனா?
துடைத்தேன். ஒருதடவை.
பஞ்சைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட்.
கொட்டகையில் கன்றுகள் வாளிக்குக் கத்துகின்றன.
கிளெனிஸ் டைரியை என் பக்கம் திருப்பினாள்.
ஒற்றைப்படையில் இரண்டு.
இரட்டைப்படையில் ஒன்பது.
"ஒன்பது! அடுத்த வருஷம் எல்லாவற்றுக்கும் போட்டுவிடு."
ஒன்பதாவது வரியில்
நாற்பத்தாறு, வலது முன்காம்பு.

மடியில் கனமில்லாவிட்டால்
வழியில் பயமில்லையாம்.
இருந்தது. அதன் மடியிலும் என் மடியிலும்.

"எட்டு" என்றேன்.
தமிழில்தான்.
"என்ன?"
"ஒன்றுமில்லை. குளிர்."

நான் பிழையாய்ச் செய்தது
அவளுக்குச் சரியான முடிவைத் தந்துவிட்டது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?
அடுத்த ஜூனில் எண்பதுக்கும் கூலி வரும்,
அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை.

சம்பளம் கேட்காமல் மாலைக் கறவைக்கு நின்றேன்.
ஏழாவது இடத்தில் வந்து நின்றது.
பின்னங்கால்களும் மடியும் மட்டும்தான் தெரியும் அங்கிருந்து,
நெற்றி தெரியாது. நல்லதாய்ப் போயிற்று.
வலது முன்பக்கம் சூடு ஆறிவிட்டது,
வற்றி, சிறுத்து,
கறவைக்கு இனி இல்லாத பக்கமாக.
மூன்று கப் மாட்டினால் போதும்.
நாலாவது குழலுக்கு ஒரு ரப்பர் அடைப்பான்.

மாட்டுமுன் பஞ்சை எடுத்தேன்.
துடைத்தேன். பார்த்தேன். பழுப்பு.
துடைத்தேன்.
பார்த்தேன்.