இரண்டு கட்டிகள்

எடோவில் முதல் பனி.
சிறைமுற்றத்தில் மூன்று வாளித் தண்ணீர் செலவாகியிருந்தது
குரமோச்சி கென்பாச்சியின் வாளுக்கு.

மூன்றாமவன் வாயாடி.
காகிதத்தால் கண்ணைக் கட்டிய பிறகும்
"ஐயா, பிடரியில் ஒரு கட்டி,
தொட்டாலே உயிர் போகிறது.
கொஞ்சம் கீழே பார்த்து…" என்றான்.
வாளி பிடித்த பையன்
சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான்.
கீழே பார்த்துத்தான் வெட்டினார் கென்பாச்சி.

திரும்பும் வழியில் பாலத்தடியில்
தோஃபு விற்கும் ஓனுயி.
அவர் வந்தால்
மற்ற வாடிக்கையாளர்களுக்குத் திடீரென வேலை வந்துவிடும்.

ஈரமான இடக்கையில் வெள்ளைக் கட்டியை ஏந்தி
அதன்மேல் கத்தியை இறக்கினாள்.
நீளவாக்கில், குறுக்கே, மறுபடி குறுக்கே.

"கை அறுபடாதா?"
பன்னிரண்டு வருடமாக வாங்குகிறவர்
இன்றுதான் கேட்டார்.

"அழுத்துவேன், இழுக்க மாட்டேன்.
இழுத்தால்தானே அறுக்கும்?"
காசை எண்ணாமல் போட்டுக்கொண்டாள்.

இரவு
சமையல் கத்தியை உள்ளங்கையில் வைத்து
அழுத்தினார்.
தோளிலிருந்து முழங்கைவரை
இருபது வருடப் பழக்கம்
இழு, இழு என்றது.

எடுத்தபோது ஒரு வெள்ளைக்கோடு.
அது சிவந்து, மெல்ல மறையும்வரை
விளக்கருகே பிடித்திருந்தார் கையை.

தோஃபு
தண்ணீரிலேயே கிடந்தது.