நாற்பத்தொன்றாம் மரம்

அல்-அஹ்ஸாவில் இரவு இரண்டேகால்.
மரங்கள் தூங்குவதில்லை என்பது
இந்த வேலைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு பேரீச்சையும்
அடிமரத்தில் இறக்கிய ஆணி வழியே
ஒரு பொட்டலம் அனுப்பும்:
வெப்பம், பேட்டரியின் மிச்சம்,
எட்டு நொடிச் சத்தம்.
பக்கத்து மரம் வாங்கி அடுத்ததிடம் தரும்,
அது அதற்கடுத்ததிடம்.
கைமாறிக் கைமாறி
வாய்க்கால் ஓரத்துக் கம்பம் வந்து
என் காதில் விழும்.

பெரும்பாலும் காற்று.
சில சமயம் மோட்டார்.
ஒருமுறை மொமினுல் மரத்தில் சாய்ந்தபடி
சில்ஹெட்டுக்குப் பேசினான்;
போனில் அவன் மகள் ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள்.
'புழு, எழுபது சதவீதம்' என்றது கணினி.

நாற்பத்தொன்றில் கேட்டது அது இல்லை.
ஈரத்துணியைப் பல்லால் கிழிப்பதுபோல்,
நிறுத்தி,
மறுபடியும்.
சிவப்புக் கூன்வண்டின் பிள்ளைகள்
உள்ளே பந்தியில் இருந்தன.

முத்லக் மரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.
பச்சை குறையவில்லை. குலை பதினொன்று.
"ருதைனா, காய்ச்சல் உன் பெட்டிக்குத்தான்.
மருந்து ஏற்றினால் இந்த வருடப் பழத்தை யார் வாங்குவார்?"

மூன்று வாரத்தில் சத்தம் நின்றது.
ஒரு நாள். இரண்டு நாள். ஐந்து நாள்.
திரையில் சமதரை.
ஒரு குடுவை கஹ்வா அனுப்பிவைத்தார்,
ஜெயித்தவரின் பெருந்தன்மையோடு.

மௌனம் சம்மதம் என்று
எங்கள் அரபியிலும் ஒரு சொல் உண்டு.
பேட்டரியைப் பார்த்தேன், நிறைந்திருந்தது.
நாற்பதும் நாற்பத்திரண்டும்
வழக்கம்போல் காற்றைச் சொல்லிக்கொண்டிருந்தன.
பிறகு நாட்களை எண்ணினேன்.
தின்று முடித்த புழு
மரத்தின் நாரையே திரித்துத் தன்னைச் சுற்றிக்கொள்ளும்.
கூட்டுக்குள் போனபின்
மெல்ல ஒன்றுமில்லை.

வெட்டிப் பார்க்கச் சம்மதம் வாங்க
இன்னும் பத்து நாள் போனது.

கன்று பிரித்த பழைய வடுவில்
மொமினுல் உளியை வைத்தான்.
தட்டவே வேண்டியிருக்கவில்லை.
நாற்றத்தோடு பொலபொலவென்று உதிர்ந்தது
ஊறிய தவிடாய், மரம்.

ஏழு கூடுகள்.
ஆறு கனத்தன.
ஏழாவதின் முனையில் வட்டமாய் ஒரு துளை.

முத்லக் அதை உள்ளங்கையில் வைத்து
வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.
"இந்த வாரம் காற்று எந்தப் பக்கம்?"

வடக்கிலிருந்து, என்றேன்.

தெற்கே அவர் தம்பியின் தோப்பு.
அங்கே இன்னும்
ஒரு மரத்துக்கும் ஆணி இறக்கவில்லை.