பலகைக்காரன்

இசோபே, உன் வாயில் லகரம் ரகரமானது.
பூபாலன் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன்.
பூபாரன், பூபாரன் என்றாய்.
பூமியைக் காக்கப் பெயரிட்டார்கள்; ஓரெழுத்தில்
பூமிக்குப் பாரமானேன்.
அந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான் சொல்லிற்று.

கயலாமியில் ஒன்பது மணி நேரம்
சுற்றுக்கு ஒரு தடவை
சுவருக்கு மேல் நீட்டினேன் பலகையை.
மஞ்சள் தகர எண்கள்.
பதினொன்று. ஒன்பது. ஒன்பது. ஆறு.
உன்னை நான் படித்தது அவ்வளவுதான்.

ஜப்பானியரைக் கௌரவ வெள்ளையர் என்றது அரசு.
ஹோட்டல்காரன் உன்னை உள்ளே விட்டான்,
முகத்தை இருமுறை பார்த்துவிட்டு.
நான் லாரியில், டயர்களுக்கு நடுவே.
விடியும்வரை ரப்பர் சூடாறவில்லை.

பிறகு ஃபூஜியில் உன் கால் நொறுங்கியது
டர்பன் பேப்பரில் நாலு வரி.
டயர் கம்பெனிக்குச் சோதனை ஓட்டுகிறாய் என்றார்கள்.
நாற்பத்தொரு வயதில் திரும்பி வந்தாய்
ஈஸ்ட் லண்டனுக்கு, கடலோரத் தடத்துக்கு,
யாரோ வேண்டாமென்ற காரில்.

பதினான்காவது இடம்.
ஒன்றையும் நான்கையும் மாட்டித் தூக்கினேன்.
கடல்காற்று ஒன்றைப் பிடுங்கிப் போனது.
நான்கு என்று படித்துவிட்டாய்.
அப்புறம் மூன்று சுற்று,
அடேயப்பா,
முதலாளி ஸ்டாப்வாட்சைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார்.
அடுத்த சுற்றில் கியர்பாக்ஸ் போயிற்று.

தடத்தோரமாகவே நொண்டி வந்தாய்,
நான்கு விரல் காட்டி, கேள்வியாய்.
புல்லில் மண்டியிட்டு
ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு
நீயும் குனிந்தாய்.