மீதி ஒன்று

கெமியார்வி மரஅறுவை ஆலையில்
கட்டை எண்ணுவது என் வேலை.
நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு: ஐந்து.
குறுக்குக் கோட்டை மறந்துபோன ஒரு டிசம்பரில்
தாள் முழுக்க ஒன்றுகள் நின்றன,
ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள்போல.
அங்கே பிடித்தது.

மூன்று ஒன்றுகளை
முப்பத்தேழு மூன்றாகப் பிளக்கும்.
ஒன்பது ஒன்றுகளை ஒன்பதால் வகுத்தால்
12345679.
எட்டை யாரோ களவாடிவிட்டார்கள்.
அதே ஒன்பது ஒன்றுகளை அவற்றாலேயே பெருக்கினேன்.
ஒன்று முதல் ஒன்பதுவரை ஏறி
ஏறிய வழியே இறங்கியது.
போகும்போது ஓர் எட்டு, திரும்பும்போது ஓர் எட்டு.
களவு போனது வட்டியோடு வந்திருந்தது.

பதினைந்து ஒன்றுகள் வேண்டாம்.
மும்மூன்றாய்ப் பிரித்தால்
111 எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும்.
எண்ணிக்கை உடைந்தால் எண்ணும் உடையும்.
எண்ணிக்கை உடையாவிட்டால்?

11111111111111111

பதினேழு.
இதை வகுக்கும் பகா எண் எதுவாயினும்
முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்று.
ஒன்றுகளின் வீட்டுக்குள் நுழைய
கையில் ஓர் ஒன்று இருந்தாக வேண்டும்.

ஆலை அடைத்தபின்
கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியும் நானும்.
இரவுக்குப் பத்து எண்கள்.
காவலாளி வில்யோ அடுப்பில் கட்டை போடுவான்,
"இன்னும் பிளக்கவில்லையா?" என்பான்.
மீதி வந்தது. மீதி வந்தது.
ஏரி உறைந்தது, உருகியது, மறுபடி உறைந்தது.
மூன்றாவது மார்ச்சில்
2071723.
மீதி வரவில்லை.

கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றிச் சரிபார்த்தேன்.
மறுபாதி 5363222357.
வில்யோ எட்டிப் பார்த்து,
"பாதி என்கிறாய், ஒன்று சின்னது, ஒன்று பெரியது" என்றான்.
பிளந்த கட்டைகளைப் பார்த்த பழக்கம்.
எனக்கு மகிழ்ச்சி வருமென்று காத்திருந்தேன்.
வெட்டிய மரம் விழுந்த இடத்தில்
சட்டென்று தெரியும் வெளிச்சம்தான் வந்தது.

பிறகு பத்தொன்பது.

1111111111111111111

இரவுக்குப் பத்து வீதம் போட்டுப் பார்த்தேன்:
எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்.
இருந்தும் நாற்பது இரவு சுழற்றினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
நிறுத்தியது ஏன் என்றும்.

ரோவனியெமி நூலகத்தில், பல்வலிக்காகப் போன நாளில்,
ஓர் அடிக்குறிப்பு:
பத்தொன்பது ஒன்றுகள் பகா எண்.
நான் பிறக்கும் முன்பே
யாரோ நிறுவி, மையுறிஞ்சி,
விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
நாற்பது இரவும் பொறி
பொய் சொல்லவில்லை.

அன்று மாலை
தாளில் இருபதாவது ஒன்றைச் சேர்த்தேன்.
பதினொன்றால் வகுபட்டது,
காப்பி ஆறுவதற்குள்.