வலப்பக்கம்

சொத்தை இல்லை என்றேன்.
ஸ்கிர்மாண்டஸ் நம்பவில்லை.
தண்ணீர் பட்டாலே உச்சந்தலை வரை கூசுகிறதே டாக்டர்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.
ஈறும் பல்லும் தொடும் இடத்தில்
ஆப்பு வடிவில் ஒரு வெட்டு.
பக்கத்துப் பல்லிலும். அதற்கடுத்ததிலும்.
கறுப்பு இல்லை, குழைவு இல்லை.
முள் கருவியால் தடவினால்
கூழாங்கல் மாதிரி வழுக்குகிறது.

“பீவர்” என்றார் உடனே.
அவர் தூண்டில் போடும் ஆற்றோரம்
பீவர் கொறித்துவிட்டுப் போன பிர்ச் மரங்கள்
இடை சிறுத்து இப்படித்தான் நிற்குமாம்,
இன்றைக்கோ நாளைக்கோ என்று.

சரி, கொறித்தது யார்?

குளிர்காலம் முழுக்கக் குடிக்கிறார்
மணற்குன்றில் பறித்த ஆரஞ்சுநிறப் பெர்ரியின் சாறு,
சர்க்கரை போடாமல்.
கிளைப்பேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டில்,
கன்டெய்னர் காற்றில் ஆடும்போதெல்லாம்
பல்லைக் கடித்துக்கொண்டு இறக்குகிறார்.
உவமை இல்லை. அப்படியே கடிக்கிறார்.
மேலே அழுத்தினால் கழுத்தில்தான் வளையும் பல்;
அங்கே எனாமல் மெலிசு.
புளிப்பு இளக்க, அழுத்தம் விரிசலிட,
மிச்சத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள்.

எப்படித் தேய்ப்பீர்கள், காட்டுங்கள்.
காற்றில் ரம்பம் இழுத்தார்.
இடது கையால்.

அப்போதுதான் கவனித்தேன்.
வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் அதிகம் தேயும்.
இவருக்கு வலது கோரைப்பல்லில்தான் ஆழம்.
ஆனால் காலையில் படிவத்தில்
வலக்கையால்தானே கையெழுத்துப் போட்டார்,
ஒவ்வோர் எழுத்தையும் உந்தித் தள்ளி?

பஞ்சுருளை வாயில் இருக்க, குழறிச் சொன்னார்.
இரண்டாம் வகுப்பு.
டீச்சர் தன் சிவப்புக் கழுத்துக்குட்டையால்
இடது மணிக்கட்டைப் பெஞ்சோடு கட்டினாள்.
எழுத வலது. கரண்டிக்கு வலது. கைகுலுக்க வலது.
குளியலறைத் தாழ்ப்பாளுக்குள் மட்டும்
அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்தது.
காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.
ஐம்பத்தோரு வருஷம்.

உக்னே விளக்கை நகர்த்தினாள்.
பல்நிறப் பசையை மூன்று குழியிலும் நிரப்பி
நீல ஒளி காட்டினேன்.
மென்மையான பிரஷ், பட்டும் படாமலும் தேய்க்க வேண்டும்,
சாறு குடித்தால் அரைமணி கழித்து,
இரவுக்கு ஒரு பல்லுறை.
எல்லோருக்கும் சொல்வதுதான்.

பட்டும் படாமலும் என்றபோது
அந்தக் கை மடியில் கிடந்தது,
திட்டு வாங்கியதுபோல்.

பில்லில் வலது கையால் கையெழுத்திட்டார்.
புதுப் பிரஷை நீட்டினேன்.
எந்தக் கை வாங்கியது என்று
பார்க்காமல் இருக்க முயன்றேன்.